காது நரம்புக் கட்டி: எடுத்தால் கேட்டல் மிஞ்சுமா?

கேள்வி (கொக்குவில் வாசகர்), 2024 ஓகஸ்ட் 12

மனைவிக்கு 38 வயது. வலது காதில் போனை வைத்தால் சத்தம் கேட்குதாம், என்ன சொல்கிறார்கள் என்று விளங்குதில்லையாம். குறும்பி அடைத்திருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சக் காலம் மருந்து விட்டோம். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் அக்கூஸ்டிக் நியூரோமா, 13 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிறது. ஒரு டொக்டர், கேட்டலைக் காப்பாற்றி எடுக்கலாம், இப்போதே செய்யுங்கள் என்கிறார். மற்றவர் ஆறு மாதம் பார்ப்போம் என்கிறார். மாமா இந்தியாவுக்குக் கொண்டுபோ என்கிறார். எனக்கு ஒரே கேள்விதான். ஒப்பரேசன் செய்தால் அந்தக் காது கேட்குமா, கேட்காதா? அனுபவப்பட்ட அண்ணைமார், அக்காமார் சொல்லுங்கள்.

2024 ஓகஸ்ட் 12, இரவு

தம்பி, கட்டாயம் கேட்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அந்த ஆளிடம் மனைவியைக் கொடுக்காதீர்கள். கட்டாயம் போய்விடும் என்கிறவரிடமும் ஏன் என்று ஒரு தரம் கேளுங்கள். 13 மில்லிமீற்றர் இரண்டுக்கும் இடமுள்ள அளவு.

நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற ரியூசன் வாத்தி. 2015இல் எனக்கு இடது பக்கம் இதே கட்டி. கொழும்பில், காதுக்குப் பின்னால் திறந்து எடுத்தார்கள். ஒப்பரேசனுக்கு முன் அந்தக் காது 35 டெசிபெல், பிறகு 48. இது காதுக்குக் கேட்கிற மிக மெல்லிய ஒலியின் அளவு, எண் கூடினால் கேட்டல் குறைவு. கிளினிக் கொப்பியில் ‘கேட்டல் காப்பாற்றப்பட்டது’ என்றுதான் எழுதியிருக்கிறது. பொய் இல்லை. ஆனால் வகுப்பில் இடது பக்க வாங்கில் இருக்கிற பெடியன் கேள்வி கேட்டால் இன்றைக்கும் நான் அவன் வாயைப் பார்க்க வேண்டும்.

ஆகவே கேட்குமா என்று கேட்காதீர்கள். சொல் விளங்குமா, எவ்வளவு காலத்துக்கு விளங்கும் என்று கேளுங்கள். ஒடியோகிராம் (கேட்டல் சோதனை) தாள் கையில் இருந்தால் எண்களைப் போடுங்கள். பெயர், ஆஸ்பத்திரி இலக்கம் தெரியாமல் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

2024 ஓகஸ்ட் 13

எண்கள் வந்தன, நன்றி. வலது காது 32 டெசிபெல், இடது 10. தாளில் சிவப்பு வட்டம் வலது, நீலப் புள்ளடி இடது. ஊர் உலகமெல்லாம் இதே அடையாளம்தான். உங்கள் தாளில் சிவப்பு வட்டங்கள் வலப்பக்கம் போகப் போகச் சரிகின்றன, அதாவது கூர்மையான ஒலிகள் முதலில் போகின்றன. இந்தக் கட்டியில் வழக்கமாக நடப்பது.

சொற் பரிசோதனை, அதாவது வாசிக்கிற சொற்களில் எத்தனை சதவீதம் சரியாக விளங்குகிறது என்ற கணக்கு, அந்தத் தாளில் இல்லை. அதைக் கேட்டு வாங்குங்கள். உலகத்தில் இந்த ஒப்பரேசன்காரர்கள் பாவிக்கும் கணக்கு இரண்டு எண்ணில் நிற்கிறது. சராசரி 50 டெசிபெல்லுக்குள், சொற்கள் 50 சதவீதத்துக்கு மேல் என்றால் அது பயன்படும் காது. 30க்குள், 70க்கு மேல் என்றால் முதல் தரம், ‘ஏ’ வகுப்பு. 1995இல் அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர்கள் வகுத்த தரப்படுத்தல். உங்கள் மனைவி 32இல், ‘ஏ’யின் வாசலில் நிற்கிறார்.

டெசிபெல் மடக்கை அளவு என்பதை என் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் கத்திச் சொல்கிறேன். 30க்கும் 50க்கும் வித்தியாசம் 20 என்று நினைக்க வேண்டாம். ஒலிச்செறிவில் 100 மடங்கு.

2024 ஓகஸ்ட் 13, சற்றுப் பிந்தி

வவுனியா அக்கா, நீங்கள் கேட்டது சரி. டெசிபெல் நன்றாக இருந்தும் சொல் விளங்காமல் இருக்கலாம். ஒலியை உணர்கிற உட்காதின் நத்தைச்சுருள் நன்றாக வேலை செய்யும், அதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு நசுங்கியிருக்கும். ‘பீப்’ என்ற ஒலிக்குச் சில நார்கள் போதும். பேச்சுக்குப் பல நார்கள் ஒரே நேரத்தில், நேரம் பிசகாமல் ஓட வேண்டும். போன் விளங்காதது அதனால்தான்.

2024 ஓகஸ்ட் 15

ஏன் கேட்டல் போகிறது என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள். பொதுவில் எழுதுகிறேன்.

கட்டியின் பெயரில் ‘அக்கூஸ்டிக்’ இருந்தாலும் அது கேட்டல் நரம்பில் முளைப்பதில்லை. சமநிலை நரம்பின் உறையில், ஸ்வான் கலங்களில் முளைக்கிறது. புற்றுநோய் இல்லை. காதிலிருந்து மூளைக்குப் போகும் எலும்புக் குழாய் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளம். அதற்குள் நாலு நரம்பு: முக நரம்பு, கேட்டல் நரம்பு, சமநிலை நரம்பு இரண்டு. பின்னாலிருந்து போகிற சேர்ஜனுக்கு முதலில் தெரிவது சமநிலை நரம்புகளும் கட்டியும். கேட்டல் நரம்பு முன்பக்கம் ஒளிந்திருக்கும். கட்டி அதைத் தட்டையாக்கிப் பரத்தி வைத்திருக்கும். அதிலிருந்து கட்டியை உரித்தெடுக்க வேண்டும். இழுத்தால் நார்கள் சுருளின் வாசலிலேயே பிய்ந்துவிடும்.

நரம்பை முழுசாக வைத்துக்கொண்டே காதை இழக்கவும் முடியும். அதுதான் இதில் கொடுமை. உட்காதுக்கு இரத்தம் கொண்டுபோவது ஒரே ஒரு மெல்லிய நாடி. அதற்கு மாற்றுப் பாதை இல்லை. அது சுருங்கினாலோ அடைத்தாலோ கதை முடிந்தது. மூன்றாவது வழி, எலும்பைத் துருவும்போது உட்காதின் அரைவட்டக் கால்வாயைத் திறந்துவிடுவது. உள்ளே இருக்கிற திரவம் வெளியேறினால் காதும் போகும்.

எனக்கு ஒப்பரேசன் நடந்தபோது காதுக்குள் சின்னக் குழாய் வைத்து டிக் டிக் என்று ஒலி கொடுத்து, தலையில் ஒட்டிய மின்வாய்களால் மூளைத்தண்டு பதில் சொல்கிறதா என்று பார்த்துக்கொண்டே எடுத்தார்களாம். அந்தப் பதில் அலை அலையாகப் பதிவாகும். ஐந்தாவது அலை பிந்தினால், அல்லது உயரம் பாதியாகக் குறைந்தால், சேர்ஜன் கையை நிறுத்துவார். இளஞ்சூட்டு நீர் விட்டு, நாடி சுருங்கியிருந்தால் அதை விரிக்கிற பபாவெரின் மருந்து வைத்து, காத்திருப்பார். அலை திரும்பினால் மற்றப் பக்கத்திலிருந்து தொடங்குவார். இந்த வசதி அங்கே இருக்கிறதா, அதைப் பார்க்கத் தனியாக ஒரு ஆள் நிற்பாரா என்று கேளுங்கள். மெசின் இருக்கிறது என்பது வேறு, ஆள் இருக்கிறார் என்பது வேறு.

2024 ஓகஸ்ட் 16

இல்லை, ஒப்பரேசன் நேரத்தில் நான் முழிப்பில்லை. டிக் டிக் கதை பிறகு சொல்லிக் கேட்டது. முழிப்பில் இருந்திருந்தால் அதிர்வெண் என்னவென்று கேட்டிருப்பேன்.

2024 ஓகஸ்ட் 18

ஒப்பரேசனுக்கு மூன்று வழி இருக்கிறது. இரண்டில்தான் கேட்டலுக்கு வாய்ப்பு.

காதுக்குப் பின்னால் மண்டையைத் திறந்து சிறுமூளையை மெல்ல ஒதுக்கிப் போவது ரெட்ரோசிக்மொயிட். எனக்குச் செய்தது. பெரிய கட்டிக்கும் சரிவரும். ஆனால் குழாயின் கடைசி மூலை கண்ணுக்குப் படாது. அதைப் பார்க்க எலும்பைத் துருவிப்போனால் அரைவட்டக் கால்வாய் குறுக்கே வரும். கட்டி அந்த மூலைவரை போயிருந்தால் ஒன்றில் கொஞ்சம் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் காதைப் பணயம் வைக்க வேண்டும். பிறகு வரும் தலையிடியும் இந்த வழியில்தான் கூட. எனக்கு இருமினால் பின்மண்டை இடித்தது நன்றாக ஞாபகம்.

காதுக்கு மேலே திறந்து குழாயின் கூரையை எடுப்பது மிடில் பொசா. குழாய்க்குள் இருக்கிற, அல்லது கொஞ்சம் மட்டும் வெளியே வந்த சின்னக் கட்டிக்கு. முழுக் குழாயும் தெரியும். ஆனால் முக நரம்பு மேலே கிடக்கும், அதைத் தாண்டித்தான் கட்டிக்குப் போக வேண்டும். முகம் கொஞ்சக் காலம் சோரலாம்.

மூன்றாவது, காதின் எலும்பையும் உட்காதையும் ஊடறுத்துப் போகும் ட்ரான்ஸ்லாப். கேட்டல் முழுதாகப் போகும், அதில் மாற்றுக் கதை இல்லை. பதிலுக்கு முக நரம்பு முதலிலேயே தெளிவாகத் தெரியும், சிறுமூளையைத் தள்ளத் தேவையில்லை. காது ஏற்கெனவே பயன்படாவிட்டால் நான் அதைத்தான் கேட்டு வாங்குவேன். ‘காதைக் காப்பாற்றாத ஒப்பரேசன்’ என்று அதை ஏளனமாகக் கதைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தம்பி, எம்.ஆர்.ஐ. ரிப்போட்டில் குழாயின் கடைசியில் திரவம் தெரிகிறது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். கட்டிக்கும் சுருளுக்கும் நடுவில் தண்ணீர் இருந்தால் கேட்டலுக்கு நல்ல அறிகுறி. எழுதாமல் விட்டிருந்தால் படம் இருக்கிற சீ.டி.யைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். மேல் சமநிலை நரம்பில் முளைத்த கட்டி என்றாலும் கீழ் நரம்புக் கட்டியைவிட வாய்ப்புக் கூட, ஆனால் அது பெரும்பாலும் திறந்தால்தான் தெரியும்.

2024 ஓகஸ்ட் 18, இரவு

கட்டில்வலைக்குள் ஒரு நுளம்பு. சத்தம் கேட்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மனுசி லைட்டைப் போட்டு அடித்தா. ஒரு காதின் கதை இதுதான்.

2024 ஓகஸ்ட் 20

தெல்லிப்பழையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: அவருடைய சகலனுக்கு 3 சென்ரிமீற்றர் கட்டி எடுத்ததாம், கேட்டல் நூறு வீதம் காப்பாற்றினார்களாம், ஒடியோகிராமில் 55 டெசிபெல் வந்ததாம்.

அண்ணை, கோபிக்க வேண்டாம். 55 நூறு வீதம் இல்லை. அதைவிட முக்கியம், மற்றக் காதுக்கு இரைச்சல் கொடுத்துச் சோதித்தார்களா? ஹெட்போனில் ஒரு காதுக்குக் கொடுக்கும் ஒலி ஏறக்குறைய 40 டெசிபெல்லுக்கு மேல் போனால் மண்டை எலும்பு வழியாக மற்றக் காதுக்குக் கடக்கத் தொடங்கும். நல்ல காது அதைக் கேட்டுவிட்டுக் கையைத் தூக்க வைக்கும். முழுக்கச் செத்த காதுகூட அப்போது 50, 60 என்று தாளில் எழும்பி நிற்கும். நிழல் வளைகோடு என்பார்கள். நல்ல காதுக்குள் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல் ஓடவிட்டால்தான் உண்மை தெரியும்.

இதைத் தடுக்க ஒடியோலொஜிஸ்ற்றைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ‘மாஸ்கிங் செய்தீர்களா?’ என்று ஒரு வார்த்தை, அந்த இரைச்சலுக்குப் பெயர் அதுதான். வீட்டிலும் பார்க்கலாம்: போனை அந்தக் காதில் வைத்து, மற்றக் காதுத் துவாரத்தை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு, ஒருவரை எண்களைச் சொல்லச் சொல்லுங்கள். விளங்கினால் சகலனுக்கு என் வாழ்த்துகள், உண்மையாகவே பெரிய விசயம். 3 சென்ரிமீற்றரில் கேட்டல் மிஞ்சுவது அருமை.

2024 ஓகஸ்ட் 21

தெல்லிப்பழை அண்ணை பதில் போட்டிருக்கிறார்: சகலன் போனை எப்பவும் மற்றக் காதில்தான் வைப்பாராம். சரி.

2024 ஓகஸ்ட் 25

நல்லூர்த் திருவிழா நடக்கிறது. நேற்றுப் பின்னேரம் வெளிவீதியில் நின்றேன். தவில் ஒரு பக்கம், ஒலிபெருக்கி ஒரு பக்கம், கச்சான் விற்கிறவர் ஒரு பக்கம். எனக்கு எல்லாம் ஒரே சுவரிலிருந்து வந்தது. யாரோ ‘சேர்’ என்று கூப்பிட்டார்கள், நான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். பழைய மாணவன், சரியாக முதுகுக்குப் பின்னால். மரியாதை தெரியாத வாத்தி என்று நினைத்திருப்பான்.

காதுக்குக் காது தூரம் 20 சென்ரிமீற்றர், ஒலி செக்கனுக்கு 340 மீற்றர். பிரித்துப் பாருங்கள், 0.6 மில்லிசெக்கன். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசை கண்டுபிடிக்கிறது. ஒரு காது போனால் அந்தக் கணக்கைச் செய்ய ஆள் இல்லை. கூர்மையான ஒலிகளைத் தலையே மறைத்துவிடும் என்பது வேறு.

இதனால் நடைமுறையில் வருவது: ஆஸ்பத்திரி வீதியில் ஹோர்ன் கேட்டால் நான் அசையாமல் நின்றுவிடுவேன். கல்யாணப் பந்தியில் இடது பக்கம் சுவர் இருக்கிற கடைசி இலை எனக்கு. மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்து மனுசி சொல்வது எதுவும் ஏறாது, இதைக் குறை என்று நான் சொன்னதில்லை.

இவ்வளவுக்கும் நான் வேலையை விடவில்லை. ரியூட்டரியில் முன்பு கரும்பலகைக்கு வலப்பக்கம் நிற்பேன், இப்போது இடப்பக்க மூலையில் நிற்கிறேன், வகுப்பு முழுதும் நல்ல காதுக்கு விழும். ஒரு காதோடு வாழ்வது கஷ்டம், ஆனால் வாழலாம். ஒப்பரேசன் முடிவை எடுக்கும்போது இதையும் தராசில் வையுங்கள். கேட்டலைக் காப்பாற்றுகிறோம் என்று முகத்தைப் பணயம் வைக்கிற அளவுக்கு அது பெரிதில்லை.

2024 ஓகஸ்ட் 28

முகம் பற்றி நான் சொன்னதற்கு இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் சங்கீத ரீச்சர். முகம் கோணினாலும் பரவாயில்லை, காது போனால் என் தொழில் போச்சு என்கிறார். நியாயம். அவருக்கு என் தராசு பொருந்தாது.

ஆனாலும் ரீச்சர், முக நரம்பு போனால் கண் மூடாது. இரவில் களிம்பு போட்டுப் பிளாஸ்ரர் ஒட்டிப் படுக்க வேண்டும், காயவிட்டால் கருவிழியில் புண் வரும். சோறு ஒரு கன்னத்துக்குள் தங்கும். ஒப்பரேசன் முடிந்து கண் விழித்ததும் எனக்கு முதலில் சொன்னது ‘பல்லைக் காட்டுங்கள், கண்ணை இறுக்கி மூடுங்கள்’ என்பதுதான். காதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நானே விரலைக் காதுக்குப் பக்கத்தில் தேய்த்துப் பார்த்தேன், கட்டுத் துணிதான் சரசரத்தது.

ஹொலிவூட் நடிகர் மார்க் ரபலோவுக்கு 2001இல் இதே கட்டி. ஒரு பக்கம் முகம் செயலிழந்து பிறகு திரும்பியது, இடது காது திரும்பவில்லை. அதன் பிறகுதான் ஹல்க் ஆனார். என் மாணவர்களிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர்.

2024 செப்டெம்பர் 3

சதவீதம் சொல்லுங்கள் என்று தம்பி விடாமல் கேட்கிறார். 2018இல் அமெரிக்க நரம்பியல் சேர்ஜன்களின் பேரவை, வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சின்ன, நடுத்தரக் கட்டி, பயன்படும் காது உள்ளவர்களுக்கு:

ஒப்பரேசன் செய்தால் உடனேயும், 2, 5, 10 வருடத்திலும் பயன்படும் காது மிஞ்ச வாய்ப்பு 25 முதல் 50 சதவீதம். ஒப்பரேசனுக்கு முன் ‘ஏ’ வகுப்பில் இருந்தவர்களுக்கு உடனடி வாய்ப்பு 50 முதல் 75. கதிர்வீச்சு என்றால் 2 வருடத்திலும் 5 வருடத்திலும் 50 முதல் 75, 10 வருடத்தில் 25 முதல் 50. ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தால் 2 வருடத்தில் 75க்கு மேல், 5 வருடத்தில் 50 முதல் 75, 10 வருடத்தில் 25 முதல் 50.

கவனித்தீர்களா? பத்தாவது வருடத்தில் மூன்றும் ஒரே பெட்டிக்குள் வந்து விழுகின்றன. ஒப்பரேசன் விலையை முதல் நாளே முழுசாக எடுத்துக்கொள்கிறது, மற்ற இரண்டும் தவணையில் எடுக்கின்றன. கட்டி வளராமலே இருந்தும் காது மெல்ல இறங்கலாம், அதனால் காத்திருப்பதும் இலவசமில்லை. உங்கள் மனைவிக்கு 38. அறுபது வயதுக்காரருக்குப் பத்து வருடம் பெரிய காலம், இவருக்கு இல்லை. ஒப்பரேசன் பக்கம் சாய்கிற டொக்டர் இதைத்தான் மனதில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். மற்றவரும் பிழையாகச் சொல்லவில்லை, பல கட்டிகள் வளர்வதே இல்லை, வளர்ந்தாலும் வருடத்துக்கு ஓரிரு மில்லிமீற்றர்தான்.

2024 செப்டெம்பர் 4

மேலே உள்ள எண்களை ஒப்பரேசன் செய்யப்போகும் கைக்கு அப்படியே ஒட்டாதீர்கள். அவை பல நாட்டு, பல கைகளின் சராசரி. உங்கள் சேர்ஜனிடம் கேட்க வேண்டியது: இந்த அளவுக் கட்டி, இந்த மாதிரிக் காது, உங்கள் கையில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குச் சொல் விளங்கியது? கேட்கப் பயமாகத்தான் இருக்கும். நம் ஊரில் டொக்டரிடம் கேள்வி கேட்டால் கொப்பியை மூடி வைத்துவிட்டு ‘அடுத்தது’ என்று கூப்பிடுவார்கள் என்ற பயம். எனக்கு நடந்ததும் உண்டு, சனல் பண்ணி இரண்டு மணித்தியாலம் காத்திருந்து இரண்டு நிமிடம் கதைத்த ஒரு இடத்தில். அந்த இடத்தில் நான் ஒப்பரேசன் செய்யவில்லை.

2024 செப்டெம்பர் 9

இந்தியாவா, கொழும்பா?

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, அதனால் மாமா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. வேலூர், சென்னை என்று போய் வந்தவர்கள் நம் ஊரில் நிறைய. அரச ஆஸ்பத்திரியில் கொழும்பில் செய்தால் கட்டணம் இல்லை, அதுவும் சின்ன விசயமில்லை. நான் பார்ப்பது வேறொன்று: ஒப்பரேசன் ஒரு நாள், பின்தொடர்ச்சி வருடக்கணக்கு. மூக்கு வழியாகவோ காயத்தின் வழியாகவோ மூளைத் தண்ணீர் கசிந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும், விட்டால் மூளைக்காய்ச்சல். குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர்போல் சொட்டினால் தடிமன் என்று இருந்துவிடாதீர்கள். கொழும்பென்றால் இரவு பஸ் இருக்கிறது. கடல் கடந்திருந்தால் ரிக்கற், விசா, விடுதி. ஆகவே எங்கே செய்தாலும், முதல் சில கிழமை அந்த ஊரிலேயே தங்கக் காசு வையுங்கள்.

கதிர்வீச்சு தேவைப்பட்டால் காமா நைப் என்ற மெசின் பெங்களூர் நிம்ஹான்ஸிலும் டில்லி எய்ம்ஸிலும் இருக்கிறது. ஸ்ரொக்ஹோமில் லார்ஸ் லெக்செல் கண்டுபிடித்தது, 1969இலேயே இந்தக் கட்டிக்குப் பாவித்தார்கள். இன்றைக்குக் கட்டியின் விளிம்புக்கு 12, 13 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு). சுருளுக்கு 4 கிரேயைத் தாண்டாமல் பார்ப்பார்கள், அதுதான் கேட்டலுக்காக. கத்தி இல்லை, ஆனால் கட்டியும் போகாது. வளர்ச்சி நிற்கும், பத்தில் ஒன்பது பேருக்கு மேல். முதலில் கொஞ்சம் வீங்கிப் பயமுறுத்தலாம். பிறகு ஒப்பரேசன் தேவைப்பட்டால் ஒட்டிப்போய் வேலை கடினமாகும்.

2024 செப்டெம்பர் 15

தம்பியின் மனைவிக்குச் சொற் பரிசோதனை செய்தார்களாம், 44 சதவீதம். வீட்டில் எல்லோரும் உடைந்துபோய் இருக்கிறார்கள்.

பொறுங்கள். எந்த மொழியில்?

2024 செப்டெம்பர் 16

நினைத்தேன். ஆங்கிலப் பட்டியல். எனக்கும் ஒரு இடத்தில் அதுதான் நடந்தது. சிங்களமா ஆங்கிலமா என்று கேட்டார்கள், தமிழ்ப் பட்டியல் இல்லை. ஆங்கிலத்தில் ஒற்றை அசைச் சொற்கள், வேகமாக, சூழல் எதுவும் இல்லாமல். நல்ல காதாலேயே நான் பாதியைத் தவறவிட்டிருப்பேன். அந்தத் தாளை வைத்து ‘பயன்படாத காது’ என்று முடிவெடுத்தால் காப்பாற்றும் வழியே மூடப்பட்டுவிடும். 50க்குக் கீழே என்றால் ட்ரான்ஸ்லாப் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

தமிழில் செய்யச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த ஒடியோலொஜிஸ்ற் வாயை மறைத்துக்கொண்டு வாசிக்கலாம். அதுவரை வீட்டில் பாருங்கள். போனில் வலது காது, இடது காது விரலால் மூடியிருக்க, அடுத்த அறையிலிருந்து நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: கல், பல், நெல், வில், முள், மண், கண், எண், பால், கால், வால், நூல். வரிசையை மாற்றுங்கள். அவர் கேட்டதை எழுதட்டும், ஊகித்தாலும் எழுதட்டும். பிறகு இடது காதிலும் அதேபோல் இன்னொரு வரிசை. இடது காது எவ்வளவு எடுக்கிறதோ அதோடு ஒப்பிட்டால்தான் வலது காதின் எண்ணுக்கு அர்த்தம். இது வைத்தியச் சோதனை இல்லை, டொக்டரிடம் போய்க் கதைக்க ஒரு பிடி.

2024 ஒக்டோபர் 2

தமிழில் 76 வந்ததாம். ரிப்போட்டில் குழாயின் கடைசியில் திரவமும் இருக்கிறதாம். வீட்டுச் சோதனையில் ‘பல்’லை எல்லாம் ‘கல்’ என்று எழுதினாவாம். ஆறு மாதம் பொறுத்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். நல்ல முடிவு. இடையில் திடீரெனக் கேட்டல் இறங்கினால் அன்றைக்கே ஈ.என்.டி.யிடம் போங்கள், ஸ்ரீரொயிட் கொடுத்துப் பார்ப்பார்கள். கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

2024 நவம்பர் 17

மழை. கரண்ட் இல்லை. ஒழுங்கையில் நடந்துவந்தேன், இருட்டில் இன்னும் சாய்கிறது. அந்தப் பக்கச் சமநிலை நரம்பை ஒப்பரேசனில் வெட்டிவிடுவார்கள் என்பதை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாட்களில் கட்டிலே சுற்றும். பிறகு மூளை கண்ணையும் காலையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளும், ஆனால் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். படுத்திருக்காமல் நடக்கிறவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். தலையைத் திருப்பித் திருப்பி நடக்கப் பழக வேண்டும். நான் வீட்டு விறாந்தையில் நடந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி, வாத்தி குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று கதை கட்டினா.

காது இரைச்சல் போகுமா என்று கேட்டவருக்கு: எனக்குப் போகவில்லை. நரம்பையே வெட்டியவர்களுக்கும் பலருக்குப் போவதில்லை. அதற்காக ஒப்பரேசன் செய்யாதீர்கள்.

2025 ஜனவரி 5

முன்பு ‘கேட்டல் போனால் போகட்டும்’ என்ற தொனியில் எழுதியதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். கேட்டல் போனாலும் கேட்டல் நரம்பு முழுசாக இருந்தால், பின்னாளில் கொக்லியர் இம்பிளான்ற், அதாவது சுருளுக்குள் மின்வாய் வைத்து நரம்பைத் தூண்டுகிற கருவி, வைக்க வழி இருக்கும். ஒற்றைக் காதுச் செவிடுக்கு அதை வைக்க அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. ஆகவே அலை போய்விட்டது என்றதும் நரம்பையும் சேர்த்து எடுத்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சேர்ஜனோடு கதைத்து வையுங்கள். ஆனால் உள்ளே காந்தம் இருந்தால் பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் நிழலடிக்கும், அதையும் கேளுங்கள்.

மலிவான வழி, கெட்ட பக்கம் ஒரு மைக், நல்ல பக்கம் ஒரு மெசின். குரோஸ் என்பார்கள். நான் போட்டுப் பார்த்தேன். இடது பக்கப் பெடியனின் கேள்வி கேட்டது, கூடவே இடது பக்க யன்னலின் காகமும் கேட்டது. திசை திரும்பி வராது. லாச்சிக்குள் கிடக்கிறது.

2025 ஏப்ரல் 6

தம்பியின் மனைவிக்கு மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 13 இப்போது 16. மூன்று மில்லிமீற்றர் வளர்ச்சி, அளக்கிற பிழையைத் தாண்டியது. காது 36, சொல் 72. ஒப்பரேசன் என்று முடிவெடுத்துவிட்டார்கள், பின்வழி, அலை பார்க்கிற ஆளோடு. சேர்ஜன் ‘பாதிக்குப் பாதி, முகத்துக்கு நான் முதலிடம் கொடுப்பேன், ஒட்டியிருந்தால் ஒரு துண்டை விடுவேன்’ என்று சொன்னாராம். இப்படிக் கதைக்கிற ஆளிடம் நானும் தலையைக் கொடுப்பேன்.

2025 ஏப்ரல் 8

இவ்வளவு நாளும் தம்பிதான் எழுதினார். இன்றைக்கு மனைவியே எழுதியிருக்கிறா. டெசிபெல், சதவீதம் எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டதாம். தலைமயிரை முழுக்க வழிப்பார்களா என்று மட்டும் கேட்கிறா.

இல்லைத் தங்கச்சி. வழக்கமாகக் காதுக்குப் பின்னால் ஒரு பட்டைதான், வெட்டுகிற இடத்தை ஒட்டி. ஆனால் இது இடத்துக்கு இடம் வேறுபடும், முதல் நாள் வாட்டில் நேர்ஸிடம் வாய் திறந்து சொல்லுங்கள், பேசாமல் இருந்தால் வசதிக்குக் கூட வழித்துவிடுவார்கள். மிச்ச மயிரை இடது பக்கம் ஒரு பின்னலாகப் போட்டுக்கொண்டு போங்கள். தையல் காய்ந்து டொக்டர் சொல்லும்வரை நல்லெண்ணெய் வேண்டாம், அம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும். முன்பட்டன் உள்ள சட்டைகள் கொண்டுபோங்கள், தலையால் போடுவது கொஞ்ச நாளைக்குச் சரிவராது.